பெயரில்லாத பட்டன்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டாவது ஈடு இட்லி இன்னும் இறங்கவில்லை, போன் அடித்தது. தெரியாத நம்பர்.

“சார், உங்க பத்தியை வாராவாரம் கேட்டுருவேன்” என்றது ஒரு பெண் குரல்.

படித்துவிடுவேன் என்பார்கள். இவர் கேட்டுவிடுவேன் என்கிறாரே? விசாரித்தேன்.

“எனக்குப் பார்வை கிடையாது சார். போன்ல பேப்பரைத் திறந்தா அதுவே வாய்விட்டுப் படிக்கும். நான் கேட்டுக்குவேன். பேரு திலகவதி. எரியோடு பக்கம். திண்டுக்கல்ல ஒரு காலேஜ்ல காமர்ஸ் நடத்துறேன்.”

எனக்கு ஒரே சந்தோஷம். அடுத்து பாராட்டுதான் வரப்போகிறது என்று நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டேன். எழுதுகிறவனுக்குத் தலை நரைத்தாலும் இந்த நப்பாசை மட்டும் நரைப்பதில்லை.

“ரெண்டு வாரம் முன்னாடி, இன்டர்நெட்ல தோல் பை விக்கிற ஒரு கடையைப் பத்தி எழுதியிருந்தீங்க. வெப்சைட் பளபளன்னு இருக்கு, கண்ணுல ஒத்திக்கலாம்னு...”

“ஆமாம்மா. நல்லா இருந்துச்சா?”

“நீங்க கண்ணுல ஒத்திக்கிட்டீங்க சார். எனக்குத்தான் கடைக்குள்ள நுழைய வழியே இல்ல.”

சாய்ந்திருந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

விஷயம் இதுதான். திலகவதியின் கல்லூரியில் ஒரு கருத்தரங்கு. வருகிறவர்களுக்குக் கொடுக்க நாற்பது பை வேண்டும். வாங்கும் பொறுப்பு அவருடையது. மூன்று நாளாக அந்த வெப்சைட்டுக்குள் போய்ப் போய்த் திரும்பியிருக்கிறார். ஒரு பையின் பெயர்கூட அவருக்குக் கிடைக்கவில்லை.

“இம்புட்டுத்தானா? அவங்க எனக்குத் தெரிஞ்சவங்கதாம்மா. நான் சொல்லி வாங்கித் தந்துர்றேன்” என்றேன், பெரிய மனிதத் தோரணையில்.

“நான் உதவி கேட்டுப் போன் பண்ணல சார். பை வாங்கத்தான் பண்ணுறேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. வகுப்பில் தப்பாகப் பதில் சொன்ன மாணவனைத் திருத்துகிற குரல். எனக்குச் சுருக்கென்று இருந்தது. காசோடு கடை வாசலில் நிற்கிற ஆளைப் பார்த்து, ‘பாவம், என்ன உதவி வேண்டுமோ’ என்று நினைத்த புத்தி என்னுடையது அல்லவா?

அந்தக் கடைக்காரர் நஸ்ரீனைப் பற்றிச் சொல்லவேண்டும். திண்டுக்கல் பேகம்பூரில் வீட்டின் முன்அறையே அவர் பட்டறை. இரண்டு தையல் மெஷின், கூட இரண்டு பெண்கள். கணவர் காதருக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. பதனிட்ட தோலைத் தரம் பிரிக்கிறவர். நஸ்ரீன் வருடக்கணக்கில் பை தைத்துக் கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். கடைக்காரர்கள் தங்கள் லேபிளை ஒட்டி விற்றார்கள். என் கையால் தைத்த பையில் என் பெயர் இருக்க வேண்டாமா என்று ஒருநாள் ரோஷம் வந்து, தன் பெயரையே வைத்து இன்டர்நெட்டில் கடை திறந்துவிட்டார்.

பத்து மாதம் ஆகிவிட்டது. ஆட்கள் வருகிறார்கள், எட்டிப் பார்க்கிறார்கள், போய்விடுகிறார்கள். வாங்குவதில்லை. என் பத்தி வந்த வாரம் கூட்டம் குவிந்ததாம். விற்றது இரண்டே பை.

திலகவதி பேசியதும் நஸ்ரீனுக்குப் போன் போட்டேன்.

“நானே ஒங்களுக்குப் பேசணும்னு இருந்தேண்ணே. வெப்சைட்டு பேரை வருசத்துக்கு ஒருக்காப் புதுப்பிக்கணும்ல, இந்த மாசக் கடைசிதான் கெடு. புதுப்பிக்கப் போறதில்ல. பழையபடி கடைகளுக்கே போட்டுக்கிறேன். அவங்க சீட்டை ஒட்டி வித்துட்டுப் போகட்டும்.”

அந்தக் கடைசி வாக்கியத்தில் குரல் தேய்ந்தது. மாதம் முடிய இன்னும் மூன்று வாரம்.

அடுத்த ஞாயிறு பேகம்பூரில் கூடினோம். எரியோட்டிலிருந்து பஸ் பிடித்துத் திலகவதி வந்துவிட்டார். நான் கையோடு சரவணனையும் அழைத்துப் போயிருந்தேன். அவர்தான் அந்த வெப்சைட்டைச் செய்தவர். அடிப்படையில் ப்ளெக்ஸ் டிசைனர்.

நம் ஊரில் இது ஒரு வழக்கம். கல்யாண ப்ளெக்ஸ் யார் நன்றாகப் போடுகிறாரோ அவரிடமே கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, கடைசியில் வெப்சைட்டும் கொடுத்துவிடுவோம். அவரும் தனக்குத் தெரிந்த மாதிரி வெப்சைட்டை ஒரு பெரிய ப்ளெக்ஸாகவே செய்து தந்துவிடுவார். பையின் பெயர், விலை, விவரம் எல்லாம் படத்துக்குள்ளேயே எழுதிய எழுத்து. விலையைச் சுற்றி நட்சத்திரம் வெடிக்கும். நுழைந்ததும் ரம்ஜான் வாழ்த்து ஒன்று திரையை மறைத்துக்கொண்டு நிற்கும். ரம்ஜான் முடிந்து மாதக்கணக்காகியும் வாழ்த்து மட்டும் நகரவில்லை.

“ஒங்க கடை எனக்கு எப்படி இருக்குன்னு கேக்குறீங்களாம்மா?” என்று திலகவதி போனை எடுத்து நடுவில் வைத்தார். எங்களுக்காக அதன் பேச்சு வேகத்தைக் குறைத்தார். போன் படிக்க ஆரம்பித்தது.

“படம். படம். பெயரில்லாத பட்டன். படம். பெயரில்லாத பட்டன். ஐ எம் ஜி நாலு நாலு ஏழு ஒன்று. படம். பெயரில்லாத பட்டன்...”

முடிவதாக இல்லை. தையல் மெஷின் பக்கம் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களும் முதலில் சிரித்தார்கள். நஸ்ரீனின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

“மேடம்... அது போட்டோவோட நம்பரு. அந்த நாலு நாலு ஏழு ஒன்னுதான் என்னோட ஒசத்திப் பை. மொத மாதிரியை அஞ்சு நாள் ஒக்காந்து தச்சேன்” என்றார் நஸ்ரீன்.

“இருக்கும்மா. எனக்கு அது நாலு நாலு ஏழு ஒன்னுதான். எப்படியோ தட்டுத் தடுமாறி ஆர்டர் பக்கத்துக்குப் போனேன். அங்க என்ன கேக்குது தெரியுமா? ‘நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட, பஸ் இருக்கும் படங்களைத் தொடவும்.’ தெனம் எரியோட்டுலேர்ந்து பஸ்லதான் வாரேன் தம்பி. படத்துல பஸ்ஸைத் தொடுன்னா எங்கிட்டுத் தொட?”

சரவணன் நெளிந்தார். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. “கோவிச்சுக்காதீங்க மேடம். கண்ணு தெரியாதவங்க எம்புட்டுப் பேரு பை வாங்க வரப் போறாக?”

கேட்கக் கூடாத கேள்வி என்று எனக்குப் பட்டது. கடிந்துகொள்ள வாயெடுத்தேன். அதற்குள் திலகவதி சிரித்துவிட்டார்.

“நல்ல கேள்வி. வியாபாரம்னா கேக்கணும். நான் ஒருத்தி வந்திருக்கேன், நாப்பது பை கேக்குறேன். நஸ்ரீன்... கண்ணு தெரிஞ்சவங்க யாராச்சும் இந்தப் பத்து மாசத்துல மொத்தமா நாப்பது பை கேட்டிருக்காங்களா?”

“இல்ல மேடம்” என்றார் நஸ்ரீன், மெதுவாக.

அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு பாவமன்னிப்புக்கான நேரம் வந்துவிட்டது என்று தோன்றியது. வாசகர்களே, நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த வெப்சைட்டில் நானும் வாங்கவில்லை!

என் அண்ணன் மகளுக்கு ஒரு பை பரிசாகக் கொடுத்திருந்தேன், அதையும் நஸ்ரீனுக்கு நேராகப் போன் போட்டு வாங்கினேன். ஏன்? வெள்ளைப் பின்னணியில் சாம்பல் நிறத்தில் எறும்பு எறும்பாக எழுத்து. நட்சத்திரம்தான் வெடித்தது, விலை தெரியவில்லை. கண்ணில் ஒத்திக்கொள்கிற அளவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தும் தெரியவில்லை. வயசாகிவிட்டது என்று ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டுக்கொண்டு, பளபளப்பைப் பற்றி மட்டும் எழுதி வைத்துவிட்டேன். எத்தனை பேர் இப்படி வெட்கப்பட்டுக்கொண்டே திரும்பிப் போனார்களோ!

சரவணன் தன் போனை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனார். வெளியே உச்சி வெயில். போனைச் சாய்த்தார், நிமிர்த்தினார், கையை மறைப்பாக வைத்துப் பார்த்தார். திரும்பி வந்தார்.

“வெயில்ல எனக்கே தெரியலண்ணே. நான் கடைக்குள்ள ஏசியில, பெரிய மானிட்டர்ல வச்சு டிசைன் பண்ணுனேன். பாக்குறவங்க பஸ் ஸ்டாண்டுல நின்னுல்ல பாக்குறாக.”

அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனது அந்த நிமிடத்தில்தான். தப்பு செய்யாதவர் யார்? வெயிலில் போய் நின்று பார்க்கிறவர்தான் குறைவு.

இது அத்தனையையும் நிலைப்படியில் சாய்ந்து, டீ குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார் காதர். ஆரம்பத்திலிருந்தே இந்த இன்டர்நெட் கடையில் அவருக்கு நம்பிக்கை கிடையாது.

“நான் அன்னைக்கே சொன்னேன்ல” என்றார். “அய்யலூர்ச் சந்தையில ஆடு வாங்குறவன் கண்ணால பாத்தா வாங்குறான்? முதுகுல கையை வச்சு அமுக்கிப் பாத்துத்தான் வெலையே பேசுவான். தோல் சாமானும் அப்பிடித்தான். தொட்டுப் பாக்காம எவன் வாங்குவான்?”

நஸ்ரீன் தலையைக் குனிந்துகொண்டார். பத்து மாதமாக இந்த வீட்டில் நடக்கும் பேச்சு இது என்று புரிந்தது.

“பாய் சொல்றது நூத்துக்கு நூறு சரி” என்றார் திலகவதி.

எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

“அந்த நாலு நாலு ஏழு ஒன்னைச் செத்தக் குடுங்க.” பை அவர் மடிக்குப் போனது. விரல்கள் வாரில் ஓடின, ஜிப்பைத் திறந்தன, மூடின. “எனக்கு இப்பப் புரியுது. ஆனா கீரனூர்ல, குவைத்துல இருக்கிறவங்க விரலு இங்க எட்டாது பாய். ஒங்க விரலு எட்டும்ல? அது என்ன சொல்லுதுன்னு நீங்க சொல்லுங்க. அதை எழுதிப் போட்டா, தொட்டுப் பாத்த மாதிரிதானே?”

காதர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். பையை வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டார். அது அவர் தொழில் பழக்கமாம். தரம் பிரிக்கும்போது பாதி நேரம் தோலைப் பார்ப்பதே இல்லையாம். நிறம் ஏமாற்றும், கட்டைவிரல் ஏமாற்றாது என்பார்.

“வெள்ளாட்டுத் தோலு. முதுகுப் பக்கம் வெட்டுனது, அதான் இறுக்கமா இருக்கு. வவுத்துப் பக்கம்னா தொளதொளன்னு போயிரும். கருப்பட்டி நெறம். வெரலை ஓட்டுனா வழுக்காது, லேசாப் புடிச்சு நிக்கும். வாரு மூணு வெரல் அகலம், தோள்ல அறுக்காது. ஜிப்பு வலது கைக்குத் தோதா இருக்கு. உள்ள மூணு அறை. நடு அறையில ஒரு டிபன் பாக்ஸு சாயாம நிக்கும். பிரிச்ச புதுசுல ஒரு வாரம் தோல் வாசம் அடிக்கும், பெறகு போயிரும்...”

விரல் ஓரிடத்தில் நின்றது.

“இடது ஓரத்துல ஒரு சின்னத் தழும்பு. உயிரோட இருக்கையில உண்ணி கடிச்சது. ஓட்டை இல்ல, கிழியாது.”

“அதையுமாங்க எழுதுவாங்க?” என்று பதறினார் நஸ்ரீன்.

“நாம சொல்லாட்டி வாங்குனவன் வந்து சொல்லுவான். எழுது.”

நஸ்ரீன் எழுதிக்கொண்டே இருந்தார். நோட்டுப் பக்கத்தில் எழுத்து கொஞ்சம் கோணியது. பிறகு என்னிடம் தனியாகச் சொன்னார், “பத்து மாசமா என் பையைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை பேசாத மனுசன்ண்ணே.”

திலகவதியை பஸ் ஏற்றிவிடப் போனேன். பஸ் ஸ்டாண்டில் வழக்கமான சத்தம். ஒரு தனியார் பஸ் கண்டக்டர் தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருந்தார். “எரியோடு எரியோடு எரியோடே... ஏறு ஏறு ஏறு!” நான் கையைப் பிடிக்க வருவதற்குள், திலகவதி அந்தக் குரலை வைத்தே நடந்து, படியேறி, உட்கார்ந்தும்விட்டார்.

அங்கேயே நின்று யோசித்தேன். பஸ்ஸின் நெற்றியில் ‘எரியோடு’ என்று கொட்டை எழுத்தில் எழுதித்தானே இருக்கிறது? பிறகு எதற்குக் கூவ வேண்டும்? போர்டில் இருக்கிறது, வேண்டுமானால் படித்துக்கொள் என்று எந்தக் கண்டக்டராவது சும்மா நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? நிற்க மாட்டார். எழுத்துத் தெரியாதவர் இருப்பார். கண்ணாடியை மறந்தவர் இருப்பார். அந்தப் பக்கம் திரும்பி நின்று வாழைப்பழம் விலை பேசுகிறவர் இருப்பார். அத்தனை பேரும் டிக்கெட்! கண்டக்டர் தர்மத்துக்காகக் கூவவில்லை. பஸ் நிறைய வேண்டும் என்று கூவுகிறார். அதில் திலகவதிக்கும் வழி கிடைத்துவிடுகிறது.

கம்ப்யூட்டர் படித்தவர்கள் இதற்குப் பெரிய பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். நம்ம ஊர்க் கண்டக்டருக்கு அதன் பெயர் தெரியாது, லாபம் தெரியும்.

சரவணன் ராத்திரி பகலாக உட்கார்ந்தாரா தெரியாது, ஆனால் ஒரே வாரத்தில் முடித்துவிட்டார். படத்துக்குள் இருந்த எழுத்தெல்லாம் வெளியே வந்து எழுத்தாகவே உட்கார்ந்தது. ஒவ்வொரு படத்துக்கும், காதர் அந்தந்தப் பையைத் தடவிப் பார்த்துச் சொன்னதில் ஒரு வரி. ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு பெயர். சாம்பல் எழுத்து கறுப்பாகிப் பெரிதானது. பஸ் படங்களுக்குப் பதிலாகப் போனுக்கு ஒரு நம்பர் வரும், அதைப் போட்டால் போதும். ரம்ஜான் வாழ்த்தை எடுக்கும்போது மட்டும் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். அந்தப் பிறையை ரொம்ப ரசித்து வரைந்தாராம்.

கெடுவுக்கு மூன்று நாள் இருக்கும்போது நஸ்ரீனிடமிருந்து போன்.

“அண்ணே! திலகவதி மேடம் வந்துட்டாக! அவகளா உள்ள வந்து, அவகளாப் பையைத் தேர்ந்தெடுத்து, நாப்பதுன்னு போட்டு, பேரு ஊரு எழுதிட்டுப் போயிருக்காக. யாருக்கும் ஒரு போன் பண்ணல!”

மறுநாள் இன்னொரு ஆர்டர். கீரனூரில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர், மகளுக்காக ஒரு பை கேட்டிருந்தார். ஆர்டர் போட்ட கையோடு போனிலும் கூப்பிட்டிருக்கிறார். “ஏனுங்க, கண்ணாடியத் தோப்புலயே வெச்சுப்போட்டு வந்துட்டனுங்க. போனே படிச்சுச் சொல்லுச்சுங்க. டிபன் பாக்ஸு சாயாம நிக்குமுன்னு போட்டிருக்கீங்களே, நெசமாலுமே நிக்குமுங்களா?” நிற்கும் என்றதும், வேலைக்குப் போகிற இன்னொரு மகளுக்கும் சேர்த்து இரண்டாக மாற்றிக்கொண்டாராம்.

இத்தனை நாள் வராதவர் எப்படி இப்போது வந்தார்? சரவணன் விளக்கினார். “நாம இன்டர்நெட்ல எதையாவது தேடுறோம்ல, தேடிக் குடுக்குற அந்த மெஷினுக்கும் படத்துக்குள்ள எழுதுனது சரியாத் தெரியாதுண்ணே. வெளிய இருக்குற எழுத்தைத்தான் நல்லாப் படிக்கும். அவரு டிபன் பாக்ஸு வைக்கிற தோல் பைன்னு தேடியிருக்காரு. நம்ம கடையில அந்த வார்த்தையே முன்னாடி இல்லையே!”

ஆக, பத்து மாதமும் நஸ்ரீனின் கடையை வாசலில் ப்ளெக்ஸ் வைத்து நாமே அடைத்து வைத்திருந்தோம். ஒருவருக்காக அதை நகர்த்தினால், பின்னால் யார் யாரோ நின்றிருக்கிறார்கள்.

நஸ்ரீன் லட்சாதிபதி ஆகிவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. ஆனால் வாரத்துக்கு நாலைந்து ஆர்டர் வருகிறது. கெடுவுக்கு முந்தின நாள் வெப்சைட்டின் பெயரை ஒரு வருடத்துக்குப் புதுப்பித்துவிட்டார். பையின் உள்பக்கம் அவர் பெயர் போட்ட லேபிள்தான் இருக்கிறது. விரலால் தடவினால் எழுத்து தெரிகிற மாதிரி, மேடாக அச்சடிக்கச் சொல்லியிருக்கிறார். அது காதர் கொடுத்த யோசனை!

போன வாரம் நஸ்ரீன் மறுபடி கூப்பிட்டார். குரலில் அப்படி ஒரு குதூகலம்.

“அண்ணே, திலகவதி மேடம் வெப்சைட்டுல புகார் எழுதியிருக்காக! நாப்பதுல மூணு பையில ஜிப்பு எதிர்ப்பக்கம் இருக்காம். ‘வலது கைக்குத் தோது என்று எழுதியிருக்கிறீர்கள், மாற்றித் தரவும்’னு கண்டிசனா எழுதியிருக்காக.”

“அதுக்கா இம்புட்டுச் சந்தோஷம்?”

“பின்ன? சண்டை போட உள்ள வந்துட்டாகள்ல?”

கடை திறந்துதான் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்ன?

மாற்றிக் கொடுத்த பைகளை வாங்கிக்கொண்டு திலகவதி எனக்கும் பேசினார். வைப்பதற்கு முன் கேட்டார், “சார், பேப்பர் வெப்சைட்ல ஒங்க பத்திக்கு மேல ஏதோ இருக்கு. போன் வெறும் ‘படம்’னு மட்டும் சொல்லுது. அது யாரு?”

அசடு வழிந்தேன். ஊருக்கு உபதேசம்! பத்திரிகையில் கேட்டதற்கு, படத்துக்கு ஒரு வரி எழுதிக் கொடுங்கள், போட்டுவிடுகிறோம் என்றார்கள். ‘கம்பீரமான தோற்றம்’ என்று நான் எழுதிக் கொண்டுபோய்க் காட்டியதை நஸ்ரீன் அடித்துவிட்டார். தழும்பையும் சேர்த்து எழுதினால்தான் நம்புவார்களாம்.

இந்த வாரத்திலிருந்து உங்கள் போன் என் படத்தை இப்படித்தான் படிக்கும்: ‘ஐம்பத்தெட்டு வயதுக்காரர், சட்டைப் பையில் கண்ணாடியை வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுபவர்.’